குழாயை மூட வருகிறவர்

இந்தக் கோடைக்கும் தண்ணீர்த் தடை வந்துவிட்டது. கார் கழுவக்கூடாது, புல்லுக்குத் தண்ணீர் விடக்கூடாது, ஹோஸ் பைப்பைத் தொடவே கூடாது என்று நகரசபை வீட்டுக்கு வீடு கதவில் மஞ்சள் அட்டை மாட்டிவிட்டுப் போயிருக்கிறது. மழையைக் கண்டு எவ்வளவோ நாளாகிறது. தடை நியாயமானதுதான், அதோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அந்த அட்டையைக் கண்டதும் ஒரு மனிதரின் ஞாபகம் வந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. மரியாதையினால் அல்ல. தமிழில் அச்சான எதிலாவது தன் பெயர் வந்தால் அதை யாராவது வெள்ளைக்காரர் மொழிபெயர்த்துப் படித்துவிடுவார் என்று உண்மையாகவே அஞ்சுகிற மனிதர் அவர். பிரெஞ்சுக்காரர் ஊரான இந்தப் புரோசார்ட்டில் எங்கள் தெருவிலிருந்த தமிழர் எல்லோருக்கும் அவர் அண்ணை. இப்போது வீட்டை விற்றுவிட்டு மகளோடு டொரொன்டோவுக்குப் போய்விட்டார். என் கோபத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

ஒல்லியான, நெடிய மனிதர். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு, அதைக் காற்சட்டைக்குள் விட்டு, பெல்ட்டை இறுக்கியிருப்பார். பின்னேரங்களில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பார். தெரியாதவர்கள் காற்று வாங்குகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் போனது ரோந்து. தமிழர் வீடுகளின் முன்னால் வரும்போது மட்டும் நடை தளரும், கழுத்து நீளும்.

நான் துறைமுகத்தில் கன்ரெய்னர் லொறி ஓட்டுகிறவன். கிழமை முழுக்கத் தூசு குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் என் காரைக் கழுவிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவேன். ஊத்தைக் காரோடு கோயில் வாசலில் போய் நிற்க எனக்கு மனம் வராது. புரோசார்ட்டுக்கு வந்த முதல் கோடையில் ஒரு வெள்ளி, காரெல்லாம் சோப்பு நுரையாக நிற்கும்போது கையிலிருந்த ஹோஸில் தண்ணீர் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால், என் வீட்டுச் சுவரோரம் ஒருவர் குந்தியிருந்து குழாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

“குறை நினையாதை தம்பி,” என்று எழும்பினார். “தடை போட்டிருக்கினம். அட்டை பாக்கேல்லையே?”

பார்த்திருந்தேன். பிரெஞ்சில் இருந்ததால் பீட்சாக் கடை விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிட்டேன். பிழை என்னுடையதுதான். ‘தெரியாமல் போச்சு அண்ணை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெருவின் அந்தப் பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் மேலே ஒன்றும் போடாமல், அரைக் காற்சட்டையோடு, தன் படகுக்கு ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணையும் கண்டார். கையை உயர்த்தினார். முகமெல்லாம் பல்.

“போன்ஜூர், மெஸ்யூ!”

“அண்ணை, அவருக்கும் தடையெண்டு ஒருக்கால் சொல்லிவிடுங்கோவன்,” என்றேன்.

“விசர்க் கதை கதையாதை. அது அவையின்ரை ஊர். நாங்கள் வந்த ஆக்கள்.”

நுரை காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்த காரோடு அன்றைக்குக் கோயிலுக்குப் போனேன். “என்ன, காருக்கும் திருநீறு பூசியிருக்கிறியள்?” என்று ஐயர் கேட்டார்.

நாங்கள் வந்த ஆக்கள். இதுதான் அவருடைய வாயில் எந்நேரமும் இருந்த கதை. பனியை வழித்து வீதியில் தள்ளினால், பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பாட்டுப் போட்டால், வாசலில் நான்கு சோடிச் செருப்பு அதிகமாகக் கிடந்தால் கதவைத் தட்டுவார். குறை நினையாதை என்று தொடங்குவார், நாங்கள் வந்த ஆக்கள் என்று முடிப்பார். அந்த மனிதர் இந்த நாட்டுக்கு வந்தது என் தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்தில். பிரஜாவுரிமை எடுத்து, பிள்ளைகளைப் பெற்று, அந்தப் பிள்ளைகளும் பிள்ளைகளைப் பெற்றாயிற்று. அவர் மட்டும் வந்து முடியவில்லை, வந்துகொண்டே இருந்தார்.

ஒன்றைச் சொல்லவேண்டும். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தன் வீட்டில் குழாயைத் திறந்துவிடுகிற ஆள் அல்ல அவர். அப்படியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும், ஒரு கெட்ட வார்த்தையோடு ஆளை மறந்திருப்பேன். தடை என்றால் அவருடைய கார்தான் தெருவிலேயே ஊத்தையான கார், அவருடைய புல்தான் முதலில் மஞ்சளாகிற புல். அதைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

“பாத்தியே, எப்பிடிக் காய்ஞ்சு கிடக்கு,” என்பார், மகள் பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி.

அவருக்குப் பக்கத்து வீடு என் அக்காவுடையது. அக்கா பின்வளவில் கத்தரியும் மிளகாயும் போட்டு, பாகலுக்குப் பந்தலும் கட்டியிருந்தாள். தடைக் காலத்தில் ஹோஸை அவள் தொட்டதே இல்லை. அரிசி கழுவிய தண்ணீர், கீரை கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, இடுப்பு ஒடியச் சுமந்துபோய் ஊற்றுவாள். ஒருநாள் அண்ணை வேலியடியில் வந்து நின்றார். நானும் அத்தானும் பந்தலுக்குக் கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

“பிள்ளை, நீர் சட்டிப் பானையிலை ஊத்துறது எனக்குத் தெரியும். பாக்கிறவைக்குத் தெரியாதெல்லோ? உது பச்சைப் பசேலெண்டு நிக்குது. தமிழர் களவாத் தண்ணி விடுகினம் எண்டுதான் நினைப்பினம்.”

“அப்ப என்ன அண்ணை செய்யிறது?” என்று அக்கா கேட்டாள்.

“கொஞ்சம் வாட விடும்.”

அத்தான் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். “அண்ணை, பாவக்காய்க்கு மஞ்சள் பெயின்ற் அடிச்சு விடட்டே?”

அண்ணையும் சிரித்தார். நகைச்சுவை தெரியாத மனிதர் இல்லை. ஆனால் சிரித்து முடித்ததும், “பந்தலையாவது கொஞ்சம் பதிச்சுக் கட்டுங்கோ, வெளியிலை தெரியுது,” என்றுவிட்டுத்தான் போனார். அவருடைய வளவில் ஒரு பச்சை மிளகாய்க் கன்றுகூட இருந்ததில்லை. முன்பக்கம் மட்டும் எதிர்வீட்டில் இருக்கிற அதே பூக்கன்றுகள், அதே நிறத்தில்.

இவ்வளவும் செய்கிற மனிதரைத் தெரு ஏன் சகித்தது? அவருடைய பிரெஞ்சுக்காக. எங்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்கு வேண்டிய நாலு சொல்லோடு காலத்தை ஓட்டியவர்கள். அவர் வந்த வருடமே வகுப்புக்குப் போய், பிரெஞ்சுக்காரர் மெச்சும்படி கதைக்கப் பழகியவர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வரிக் கந்தோர் என்று எங்கே கதைக்கவேண்டியிருந்தாலும் அவரிடம்தான் ஓடுவோம். என் மகளுக்குச் சின்ன வயதில் கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், இடம் கிடைத்தது அவர் விடாமல் ஃபோன் எடுத்ததால்தான். இருந்துகொண்டு எடுக்கமாட்டார். எழும்பி நின்று, சட்டையை இன்னொரு தரம் உள்ளே விட்டு, அதற்குப் பிறகுதான் நம்பரை அழுத்துவார். மறுமுனையில் இருக்கிறவருக்குத் தெரியும் என்பதுபோலத் தலையை வேறு ஆட்டுவார். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஆனாலும் நன்றி இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது, அதனால் கோபம் குறைந்துவிடவில்லை.

ஏன் இப்படி ஆனார் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். முதலில் கோட்-டெ-நெய்ஜில் ஓர் அடுக்குமாடியில் இருந்தாராம். ஒருநாள் மனைவி மீன் பொரித்திருக்கிறாள். மேல்மாடிக்காரி இறங்கி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, பிள்ளைகளுக்கு முன்னால் அவரை என்னவோ சொல்லியிருக்கிறாள். அப்போது அவருக்குப் பிரெஞ்சு விளங்காது. “விளங்கேல்லை தம்பி, அதுதான் கனநாள் நித்திரை வரேல்லை,” என்றார். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்தி பொத்திய மூக்குக்காக வாழ்நாள் முழுக்க எங்கள் எல்லோருடைய யன்னலையும் சாத்தச் சொல்ல இவர் யார்?

அத்தான் இறந்தது ஜூலை வெயிலில். நீண்ட நாள் வருத்தம், ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தார். அந்தக் கோடையிலும் தடை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவதிலிருந்து உடலை வைக்கிற மலர்ச்சாலையில் நேரம் எடுப்பது வரை எல்லாவற்றையும் அண்ணைதான் நின்று பார்த்தார். எரிக்கிற இடத்துக்கும் எங்களோடு வந்தார். அக்கா நிலைகுலைந்தபோது தாங்கிப் பிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலையில் தண்ணீர் வார்த்துத் தோயாமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. அடுக்குமாடிகளில் இருந்த காலத்தில் இதற்குப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். யாராவது ஒருவர் வீட்டில் நின்று கதவுகளைத் திறந்துவிட, ஒன்றிலும் முட்டாமல் கையைத் தூக்கிக்கொண்டு நேரே குளியலறைக்குள் ஓடுவோம். புரோசார்ட்டில் வீடு வாங்கி, வெளிச்சுவரில் ஒரு குழாயும் கிடைத்த பிறகுதான் பழையபடி வாசலிலேயே தோயத் தொடங்கினோம். அன்றைக்கும் அக்கா வீட்டு டிரைவ்வேயில் ஹோஸை எடுத்துவிட்டோம். தடை எங்களுக்குத் தெரியும். ஒரு சாவுக்குத்தானே, கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தோம்.

கொள்ளி வைத்த மகன் முதலில் தோய்ந்தான். பிறகு எங்கள் பெரியப்பா, மற்றப் பெரியவர்கள், நான், என் மனைவி, செஜெப் கல்லூரியில் படிக்கிற என் மகள். அக்கா கடைசியில் நின்றாள். எல்லோரும் உள்ளே போன பிறகு ஆறுதலாகத் தலையில் வார்க்கவேண்டும், அதோடுதான் அவரை அனுப்பி முடியும் என்றாள். அத்தானுடைய வருத்தத்தில் அவள் எத்தனையோ மாதம் ஒழுங்காகக் குளித்ததில்லை, அழுததுமில்லை.

அண்ணை தன் காரிலிருந்து இறங்கி வந்தார். சேலை ஈரமாக ஒட்டிய பெண்களையும், வேட்டியை மடித்துக் கட்டி வெறும் மேலோடு நின்ற கிழவர்களையும் பார்த்தார். பிறகு வீதியைப் பார்த்தார்.

“குறை நினையாதையுங்கோ. உள்ளுக்கை போய்த் தோயுங்கோவன்.”

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “செத்தவீட்டு வாசலிலை வந்து சட்டம் கதைக்கிறியோ? அங்காலை போ!”

அவர் போனார். தன் வாசலில் நின்று ஃபோனைக் காதில் வைத்தபடி சட்டையை உள்ளே விடுவதைக் கண்டேன். மலர்ச்சாலைக்காரரோடு ஏதோ கதைக்கிறார் என்று நினைத்து, பெரியப்பாவைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

அவரை ஆறுதல்படுத்தி, உடுப்பும் மாற்றிக்கொண்டு திரும்பி வரும்போது நகரசபையின் வெள்ளை வான் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஹோஸ் சுருட்டப்பட்டுக் கிடந்தது. குழாயடியிலிருந்து அண்ணை எழும்பிக்கொண்டிருந்தார். அக்கா தோயவில்லை. காய்ந்த தலையோடு டிரைவ்வேயின் நடுவில் நின்றாள்.

“வந்த பெடியன் நல்லவன்,” என்றார் அண்ணை. “தண்டம் ஒண்டும் எழுதேல்லை. இனி வெளியிலை தண்ணி வாக்கக்கூடாதாம், அவ்வளவுதான்.”

“ஆர் அவையைக் கூப்பிட்டது?” என்றேன்.

அவர் ஒளிக்கவில்லை. “நான்தான். வேறை ஆரும் சொல்ல முதல் நாங்களே சொன்னால் எங்களுக்கு ஒரு மரியாதை, தம்பி.”

நான் வாயைத் திறக்க முதல் அக்கா தரையில் இருந்துவிட்டாள்.

“நான் தோயாமல் உள்ளுக்கை வரமாட்டன்,” என்றாள். “இதிலை இருக்கிறன். மழை வரட்டும்.”

மேலே ஒரு முகில்கூட இல்லை. டிரைவ்வே கால் வைக்க முடியாமல் கொதித்தது. பெண்கள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பின்பக்கத்தால் வரச்சொன்னார்கள், கண்ணை மூடிக்கொண்டு வரச்சொன்னார்கள். அக்கா அசையவில்லை. அத்தானுக்குச் செய்ய அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். அதையும் பறித்துவிட்டு இந்த மனிதர் பக்கத்தில் நின்று, “ஆக்கள் பாக்கப்போகினம், எழும்பும் பிள்ளை,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் மகள் உடுப்பு மாற்றித் தலையைத் துவட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“ஏன் மாமி இன்னும் தோயேல்லை? வாளியிலை வாக்கலாம் எண்டெல்லோ அந்த நகரசபை ஆள் சொன்னவர்? ஹோஸ்தான் கூடாதாம். நான் உள்ளுக்கை போகேக்கை அவர் பிரெஞ்சிலை சொல்லக் கேட்டனான். அங்கிளிட்டைத்தானே சொன்னவர்.”

எல்லோரும் அண்ணையைப் பார்த்தோம். அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சொன்னவன்தான்,” என்றார் மெதுவாக. “அதைச் சொன்னால் நீங்கள் வாளியோடை நிண்டு வாப்பியள். பிறகும் இதே கோலம்தானே? றோட்டிலை நிண்டு ஈரச் சேலையோடை...”

அப்படியென்றால் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. சட்டமும் இல்லை. சட்டம் அனுமதித்ததைக்கூட இந்த மனிதர் வாய்க்குள் போட்டு விழுங்கியிருக்கிறார். நாங்கள் யாருடைய கண்ணிலும் படக்கூடாது, அதுதான் விஷயம். எங்கள் சாவும் படக்கூடாது.

“புருசனைக் குடுத்தவளிட்டை என்ன வெக்கத்தைக் கண்டனீங்கள்?” என்று கத்தினேன். “வாயிலை நல்லா வருது அண்ணை, நிக்காதையுங்கோ, போங்கோ!”

உள்ளே ஓடி வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தேன். மகள் இன்னொன்று கொண்டுவந்தாள். அக்கா எழும்பி நின்றாள். என்னை வார்க்க விடவில்லை. செம்பை வாங்கி, தானே கோலித் தலையில் விட்டாள். ஒவ்வொரு செம்பாக, அவசரப்படாமல், வாளி முடியும் வரைக்கும். தண்ணீரோடு அழுகையும் வந்தது. அந்தத் தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். நாங்கள் ஒருவரும் அவளைத் தேற்றப் போகவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துவிட்டுப் பக்கத்து வீட்டைப் பார்த்தாள். அண்ணை வீட்டுக்குள் போகவில்லை. கராஜுக்குள் போய்க் கதவை இறக்கிவிட்டிருந்தார்.

“அவரும் எங்களோடை எரிக்கிற இடத்துக்கு வந்தவர். தோயாமல் உள்ளுக்கை போகமாட்டார்,” என்றாள் அக்கா. “அவருக்கும் ஒரு வாளி கொண்டுபோய்க் குடு.”

“அவருக்கோ?”

“குடு எண்டெல்லோ சொல்லுறன்.”

அக்கா சொன்னதற்காக மட்டும் கொண்டுபோனேன். பாதித் தண்ணீர் என் ஆத்திரத்தில் வழியிலேயே சிந்திப்போனது. கராஜ் கதவில் தட்டினேன்.

“ஆர்?”

“நான்தான். அக்கா தண்ணி தந்துவிட்டவ.”

கதவின் மோட்டர் முனகியது. கதவு ஒரு முழம் மட்டும் உயர்ந்து நின்றது. முழுக்கைச் சட்டை போட்ட கை ஒன்று வெளியே நீண்டு, வாளியை உள்ளே இழுத்தது. கதவு மறுபடி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே சீமெந்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. காற்றுப் புகாத அந்தப் புழுக்கத்தில், இருட்டில், தன் காருக்குப் பக்கத்தில் நின்று தலையில் வார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளங்கையால் கதவில் ஓங்கி அறைந்தேன்.

“அண்ணை! வெளியிலை வந்து தோயுங்கோ! உங்கட வீட்டு வாசல்தானே! வெளியிலை வாங்கோ!”

தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்டத்தில், அவருடைய குரல் வந்தது.

“கத்தாதை தம்பி. ஆக்களுக்குக் கேக்கப்போகுது.”

நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்து வீடுகள் எல்லாம் யன்னலைச் சாத்தி, ஏசி போட்டுக்கொண்டு கிடந்தன. எங்களை ஒருவரும் பார்க்கவே இல்லை.